பக்கத்தில் ஒரு கால்

ஜெனீவாவில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில் ஒருவரைக் கூப்பிட வேண்டுமென்றால் தரையை ஓங்கி மிதிக்க வேண்டும். பழைய கட்டடம், மரத்தரை. மிதித்த அதிர்வு அறையின் எதிர்மூலை வரை போகும். அங்கே முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பவர் என்னவென்று திரும்பிப் பார்ப்பார். பாதிப் பேருக்கு மேல் காது கேட்காத இடம் என்பதால் இது மரியாதைக் குறைவு இல்லை, அன்றாடப் பழக்கம். எனக்கு அது தெரியாது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், என் பின்னாலிருந்து மிரேய் என்கிற பெண்மணி மிதித்த மிதியில் நாற்காலியைத் தள்ளிவிட்டு வெளியே ஓடிவிட்டேன். படிக்கட்டில் நின்று திரும்பிப் பார்த்தால் எல்லோரும் இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு என்னைப் பார்க்கிறார்கள். மிரேயின் கையில் எனக்காக எடுத்து வந்த காப்பிக் கோப்பை. அசடு வழியத் திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

நான்கு வருடமாகிவிட்டது. இன்னும் யாராவது மிதித்தால் என் கண் முதலில் வாசலைத்தான் தேடுகிறது. நான் பிறந்த பக்கம் அப்படி. சாத்தூரைச் சுற்றிப் பட்டாசு செய்கிற ஊர்களில் வேலை நேரத்தில் யாரும் தரை அதிர நடக்க மாட்டார்கள். பெட்டியை இழுக்க மாட்டார்கள், தூக்கித்தான் வைப்பார்கள். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, வளையலைக் கழற்றிவிட்டு உள்ளே போவார்கள். பிளஸ் டூ முடித்த பிறகு ஒரு வருடம் நானும் அங்கே பெட்டி ஒட்டியிருக்கிறேன். ஒரே ஒரு வருடம்தான்; ஆனால் உடம்பு அதை இன்னும் மறக்கவில்லை.

எனக்குக் காது நன்றாகக் கேட்கும். கேட்காதது என் தங்கை பாக்கியத்துக்கு. அவளோடு பேசுவதற்காகச் சின்ன வயதில் பழகிய கைகள்தான் என்னைக் கைமொழிப் பயிற்சிக்கும், பிறகு மொழிபெயர்ப்பாளர் வேலைக்கும், கடைசியில் இந்த ஊருக்கும் கூட்டிவந்தன. அவள் ஐந்தாம் வகுப்புவரை கைமொழி தெரியாத ஒரு பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு, வயது வந்ததும் பட்டாசுக் கம்பெனிக்குப் போனாள். அவளுடைய காதை வைத்து நீ விமானம் ஏறிவிட்டாய் என்று யாராவது சொன்னால் மறுத்துப் பேச என்னிடம் ஒன்றும் இல்லை.

இங்கே என் வேலை, காது கேளாதோரின் உரிமைக்காக உலகம் முழுக்கப் பேசுகிற ஒரு சங்கத்தில். கைமொழியும் மொழிதான், பள்ளியிலும் மருத்துவமனையிலும் வேலை செய்யும் இடத்திலும் அதற்கு இடம் வேண்டும் என்று மனு எழுதுகிறோம், அறிக்கை தயாரிக்கிறோம், பெரிய கூட்டங்களில் நின்று பேசுகிறோம். எனக்குக் கீழ்மாடியில் குடியிருக்கும் மதாம் ஒரு நாள் லிஃப்டில் கேட்டார், “உலகத்துக்கெல்லாம் ஒரே கைமொழிதானே? எவ்வளவு வசதி!” இல்லை மதாம், நாட்டுக்கு நாடு வேறு, எங்கள் ஊரில் ஒரே ஒரு அறைக்குள் நாலு பெண்கள் மட்டும் பேசுகிற கைமொழி ஒன்று இருக்கிறது என்றேன். “பாவம், அவர்களுக்குச் சரியானதைச் சொல்லிக்கொடுங்கள்” என்றார். அவர் மாடி வந்துவிட்டது, இறங்கிப் போய்விட்டார்.

நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பாக்கியம் வேலை பார்த்தது பட்டாசுக் குழாய்க்குத் திரி செருகும் அறையில். அறைக்கு நாலு பேர், நாலு பக்கமும் கதவு, அதற்கு மேல் ஆள் கூடாது. தரையில் ரப்பர் விரிப்பு. மற்ற மூன்று பெண்களுக்கும் காது கேட்கும். ஆனாலும் பாக்கியம் சேர்ந்து ஓரிரு வருடத்துக்குள் அந்த அறைக்கென்று ஒரு பாஷை உண்டாகிவிட்டது. கை இரண்டும் திரியில் இருப்பதால் அது முகத்திலும் தோளிலும் ஓடியது. போர்மேன் வருகிறார் என்றால் ஒரு கன்னம் உப்பும். மழை என்றால் இடது தோள் குலுங்கும். மாமியார் என்றால் மூக்கு மட்டும் சுருங்கும். கைமொழி என்கிறோமே, அவர்கள் மொழியில் கைக்குத்தான் வேலை குறைவு. பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர் நான். ஒரு மதியம் அவர்கள் வேம்படியில் உட்கார்ந்து சாப்பிட்டபடி பேசிச் சிரித்ததில் பாதி எனக்குப் புரியவில்லை. ஊரில் அவளை ஊமச்சி என்பார்கள். அந்த அறையில் அவளுக்குப் பெயர் இருந்தது: மோவாயைத் தோளில் ஒரு தரம் இடித்தால் பாக்கியம்.

இன்னொரு ஏற்பாடும் இருந்தது. அவளுக்குப் பக்கத்தில் உட்காருகிறவள் காளியம்மா, எங்கள் தெருக்காரி, வாயைத் திறந்தால் மூடாதவள். பாக்கியம் சேர்ந்த முதல் வாரமே காளியம்மா தன் வலது காலை நகர்த்தி பாக்கியத்தின் இடது காலோடு ஒட்டி வைத்துக்கொண்டாள். தண்ணீர் குடிக்க, சாப்பிட என்று எழுந்தால் கட்டைவிரலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் காலை எடுப்பாள். தட்டாமல் எடுத்தால் நெருப்பு, ஓடு. யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, எங்கும் எழுதி வைத்ததுமில்லை. சித்திரை வெயிலில் இரண்டு கால்களுக்கு நடுவே வேர்வை ஓடும். அப்போதும் ஒட்டித்தான் இருக்கும். காளியம்மா வயிற்றுப் பிள்ளையோடு வேலைக்கு வந்த மாதங்களில் கால் வீங்கியிருந்தது, அந்த வீங்கின காலும் அங்கேயேதான் இருந்தது.

ஒரு மாசி மாதம் பக்கத்து அறையில் பட்டாசு மருந்து தீப்பிடித்துக்கொண்டது. பாக்கியத்துக்குச் சத்தம் எதுவும் இல்லை. திரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள், கால் தட்டாமல் விலகியது, அவ்வளவுதான். தலையைத் தூக்காமலே பின்கதவு வழியாக ஓடி வேலிப்பக்கம் போய் நின்றுதான் திரும்பிப் பார்த்திருக்கிறாள். பக்கத்து அறை இருந்த இடத்தில் புகை. அங்கிருந்து இரண்டு பேர் வரவில்லை. அன்று சாயங்காலம் நான் எப்படித் தப்பினாய் என்று கேட்டபோது, பாக்கியம் காலை நீட்டி ஒரு விரலால் அதைத் தொட்டுக் காட்டினாள். 

இதை நான் மிரேயிடம் சொன்னது போன வருடம். மிரேய்க்குப் பிறவியிலேயே காது கேட்காது. கூட்டங்களில் என் வலது கை அவர்தான். “உன் தங்கைக்கு எச்சரிக்கை எப்படி வரும்? மின்னும் விளக்கா, கையில் கட்டுகிற அதிர்வுப் பட்டையா?” என்று கேட்டார். கால் என்று காட்டினேன். “மிதித்தால் வேலை செய்கிற கருவியா? பரவாயில்லையே, எங்கள் தொழிற்சாலைகளில்கூட அது கிடையாது” என்றார். நான் என் செருப்பைக் கழற்றி, மேசைக்கடியில் அவர் காலோடு என் காலை ஒட்டி வைத்தேன். அவருக்குப் புரிய ஒரு நிமிடமாயிற்று. கண் கலங்கிவிட்டது. “இதை நீ கூட்டத்தில் சொல்ல வேண்டும்” என்றார்.

சொன்னேன். இந்த வருடம் மார்ச் கடைசியில், பல நாட்டுக்காரர்கள் உட்கார்ந்திருந்த அரங்கில், கம்பெனியின் பெயரைச் சொல்லாமல், மாவட்டத்தின் பெயரைச் சொல்லி, காலின் கதையைச் சொன்னேன். ஒரு பெண்ணின் உயிர் இன்னொரு பெண்ணின் காலை நம்பி இருக்கக் கூடாது, ஒவ்வொரு வேலை அறையிலும் மின்னும் எச்சரிக்கை விளக்கு வேண்டும், கைமொழி தெரிந்த ஆள் வேண்டும் என்று முடித்தேன். காது கேளாதவர்கள் கூடிய இடத்தில் கைதட்ட மாட்டார்கள். இரண்டு கையையும் தூக்கி அசைப்பார்கள். அரங்கம் முழுக்கச் சத்தமே இல்லாமல் கைகள் எழுந்து ஆடின. எனக்குப் பெருமையாக இருந்தது, ஒளிக்க விரும்பவில்லை. அன்றைக்கே அம்மாவுக்குப் போன் போட்டு, உன் மகளைப் பற்றி உலகமே பேசுகிறது என்று பீற்றிக்கொண்டேன்.

இரண்டு வாரத்தில் போர்மேன் அண்ணாச்சி என்னைப் போனில் கூப்பிட்டார். பாக்கியத்தை வேலைக்குச் சேர்த்துக்கொண்டவர், நல்ல மனிதர்.

“நீங்க அங்கன பேசுனது இங்கன பேப்பர்ல வந்துருச்சு தாயி. காது கேக்காத ஆளு எம்புட்டுப் பேரு இருக்காக, எப்பிடி எச்சரிக்கை குடுக்கீகன்னு ஆபீசருக ஆள் மாத்தி ஆள் வந்து கேக்காக. காலை வச்சுத்தான் குடுக்கோம்னு எழுதிக் குடுக்க முடியுமா?”

“ஒரு விளக்கு வைக்கலாமே அண்ணாச்சி. காது கேட்காதவங்களுக்கு மின்னுற மாதிரி.”

அண்ணாச்சி குரலைத் தாழ்த்தினார்.

“மருந்து அறைக்குள்ள கரண்டு வயரு இழுக்கச் சொல்லுதீக. நீங்களா தாயி இப்பிடிச் சொல்றது?”

 திரி அறைக்குள் மின்சாரம் நுழையாது. ஒயர் கிடையாது, விசிறி கிடையாது. பகல் வெளிச்சத்தில்தான் வேலை. எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். அங்கே பிறந்து, அங்கே ஒரு வருடம் வேலை பார்த்த நான், அரங்கத்தில் மைக்கைப் பிடித்து நின்று அந்த அறைக்குள் விளக்குப் போடச் சொல்லியிருக்கிறேன். வெளிநாட்டுக்காரி ஒருத்தி சொல்லியிருந்தால் மன்னிக்கலாம்.

“முதலாளி முடிவு பண்ணிட்டாக. உங்க தங்கச்சியோட சேத்துக் காது கேக்காத மூணு பேரையும் நிப்பாட்டியாச்சு. அதுக கும்பிட்டுட்டு நிக்கிதுக. நான் என்ன செய்யட்டும், சொல்லுங்க” என்றார் அண்ணாச்சி.

அடுத்த ஞாயிறு வீடியோவில் கூப்பிட்டபோது பாக்கியம் கையைத் தூக்கவில்லை. முகம் மட்டும் திரையில் இருந்தது. அந்த அறையின் பாஷையில் ஏதாவது வருமா என்று கன்னத்தையும் தோளையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒன்றும் அசையவில்லை. இப்படி ஐந்து ஞாயிறு போயிற்று. “வீட்ல இருந்து யாரு மொகத்தப் பாத்து என்னத்தப் பேசும் அது? எனக்கு அதோட பாஷையில சோறு, தண்ணி, காச்சலு, இம்புட்டுத்தானே தெரியும்” என்றாள் அம்மா.

விடுப்புப் போட்டு ஊருக்குப் போனேன். சூலக்கரையில் ஓர் அரசு அலுவலகத்துக்கு அவளைக் கூட்டிக்கொண்டு, வேலையைத் திரும்பக் கேட்கும் மனுவோடு போனேன். அங்கிருந்த அதிகாரி இரண்டு பேருக்கும் நாற்காலி போடச் சொன்னார், பொறுமையாகக் கேட்டார். ஆனால் என்னைப் பார்த்தே கேட்டார்.

“இவங்களுக்கு என்ன வேணும்?”

நான் கையில் கேட்டேன். பாக்கியம் பல நாள் கழித்துக் கையைத் தூக்கினாள். “அந்த அறை வேணும். அதே எடம், காளியம்மா பக்கத்துல.”

“பாதுகாப்புக்காகத்தானம்மா நிறுத்தியிருக்காங்க. நாளைக்கு ஒண்ணுன்னா யார் பதில் சொல்றது? தையல் பயிற்சிக்கு வேணும்னா எழுதித் தரேன்” என்றார்.

அதை அவளுக்குச் சொன்னேன். பாக்கியம் உடனே பதில் சொன்னாள். “தையல் மிசினு எங்கூடப் பேசுமா? இவகிட்ட யாரு கேட்டா என்னையப் பத்திப் பேசச் சொல்லி?”

நான் அதிகாரியிடம், “தையலில் அவளுக்கு அவ்வளவாக விருப்பமில்லை சார்” என்றேன். இத்தனை வருடத் தொழிலில் ஒருவர் சொன்னதை மாற்றிச் சொன்னது அன்றுதான். பாக்கியத்துக்கு என் குரல் கேட்காது, ஆனால் என் முகம் படிக்கத் தெரியும். இரண்டு வயதிலிருந்து அதைப் படித்தவள். சாத்தூர் பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை காலியாக இருந்தும் முன்னால் போய் நின்றுகொண்டு வந்தாள். அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. நான் குறை என்று எண்ணி உலகத்துக்குச் சொன்ன அந்தக் கால், அவளிடம் இருந்த ஒரே பாதுகாப்பு. அந்த அறைதான் அவளுக்குப் பேச்சு இருந்த ஒரே இடம். விளக்கும் வேண்டும், காலும் வேண்டும் என்று பேசத் தெரியாமல், ஒன்றைக் கேட்டு மற்றதைப் பிடுங்கிவிட்டேன்.

ஜெனீவா திரும்பி ஒரு மாதம் இருக்கும். ஆடிக்காற்று அடிக்கிற இரைச்சலுக்கு நடுவே காளியம்மா போனில் கத்தினாள்.

“யக்கா, பாக்கியம் வேலைக்குப் போயிருச்சு. கருவேலங்காட்டுக்குள்ள தகரக் கொட்டகை போட்டுச் செய்றாகல்ல, அங்கன. லைசென்ஸ் ஒண்ணும் கெடையாது. ஆளு எப்பிடின்னு அவுக ஒரு கேள்வி கேக்கல.”

“அவளைப் போக விடாதே காளியம்மா. நீ சொன்னால் கேட்பாள்.”

“கேக்கலக்கா. வீட்ல இருந்தா செத்துப்போவேன்னு சொல்லுது.” கையோடு இதையும் சொன்னாள்: “இந்த வாரத்துல இருந்து நானும் அங்கனதான் போறேன்.”

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. உனக்குப் பைத்தியமா, பிள்ளைக்காரி, நாலு கதவு வைத்த கம்பெனியை விட்டுவிட்டு யாராவது போவார்களா என்று திட்டினேன். அவள் என்னைத் திட்டி முடிக்க விட்டுவிட்டுக் கேட்டாள்:

“அது பக்கத்துல யாருக்கா இருப்பா? அங்கன உள்ள ஒருத்திக்கும் காலு வைக்கத் தெரியாது. அது அங்கன போனதுல இருந்து கம்பெனியில உக்காந்தா எனக்குக் காலு சும்மா கெடக்க மாட்டேங்குது. ஒரு வாரம் பாத்தேன், முடியல.”

“கொட்டகைக்கு எத்தனை கதவு?”

“ஒண்ணு” என்றாள். பிறகு, சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தவள் போல, “ஆபீசருக ஜீப்பு வருதுன்னு தகவல் வந்தா அதையும் வெளிய பூட்டிருவாகக்கா. ஆளில்லாத கொட்டகைன்னு காட்டணும்ல. முந்தாநேத்து அரைமணி நேரம் உள்ள கெடந்தோம். மருந்து நெடி, தகரம் கொதிக்குது, இருமக்கூட விடல. பாக்கியத்துக்கு என்ன நடக்குன்னு தெரியல, கதவையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. நான் காலை எடுக்கவே இல்ல” என்றாள்.

அந்தப் பேச்சு முடிந்த பிறகு நான் வேலைக்குப் போனேன், ரொட்டி வாங்கினேன், துணி துவைத்தேன். எதுவும் நின்றுவிடவில்லை. நீங்களும் வெளிநாட்டில் இருந்தால் தெரியும், அங்கே வீடு பற்றி எரிந்தாலும் இங்கே குப்பையை நிறம் பார்த்துப் பிரித்துப் போட்டாக வேண்டும். தீபாவளிக்கு ஆர்டர் குவிகிற சீசன் இது. கொட்டகையில் சரக்கு லோடு கூடிவிட்டது என்றும், மூன்று பேர் உட்காருகிற இடத்தில் எட்டுப் பேர் என்றும் காளியம்மா அவ்வப்போது சொல்கிறாள். ஒவ்வொரு முறையும் வேறு ஏதோ பேச்சுக்கு நடுவேதான் சொல்கிறாள்.

அடுத்த கூட்டம் வரும் வாரம். போன கூட்டத்தில் சொன்னதற்குப் பிறகு என்ன ஆயிற்று என்று நான்தான் பேச வேண்டும். நடந்ததை எல்லாம் மிரேயிடம் சொன்னேன். கதவைப் பூட்டுவார்கள் என்று காட்டியபோது, திருடர் பயத்துக்கா என்று கேட்டார். ஆட்கள் உள்ளே இருக்கும்போது என்று திருப்பிக் காட்டினேன். நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு, “அப்படியானால் ஊர்ப் பெயரோடு சொல். அரசாங்கம் நாளைக்கே ஆள் அனுப்பும்” என்றார். ஆள் ஜீப்பில்தான் வருவார்கள் மிரேய், ஜீப் வந்தால் பூட்டு விழும் என்றேன். அப்படியே திறந்துவிட்டாலும் இதைவிட உள்ளே, இன்னொரு காட்டில் இன்னொரு கொட்டகை இருக்கிறது. சொல்லாவிட்டாலோ ஏதோ ஒரு மத்தியானம் அந்தத் தகரம் தாங்காது. மிரேய் சொல்வதும் சரி, நான் சொல்வதும் சரி. 

நேற்று ஞாயிறு. வீடியோவில் பாக்கியமும் காளியம்மாவும் ஒன்றாக இருந்தார்கள். என்னைப் பார்த்ததும், போர்மேன் வந்தாச்சு என்பதுபோல் காளியம்மா கன்னத்தை உப்பினாள், இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் பாக்கியத்திடம் நேராகக் கேட்டேன். இந்த முறை கேட்டுவிட்டுத்தான் பேசுவது என்று வைத்திருந்தேன். கொட்டகையை விட்டு வந்துவிடு என்றேன். முடியாது என்று தலையாட்டினாள். சரி, கூட்டத்தில் உங்களைப் பற்றிப் பேசலாமா என்று கேட்டேன். அவள் காளியம்மாவைப் பார்த்தாள். பிறகு, எனக்கு ஒன்றும் தவறிவிடக் கூடாது என்பதுபோல, மெதுவாகக் கைகளைத் தூக்கினாள்.

“உங்க ஊர்ல என்ன கொறையோ அதப் பேசு. எங்க ஊர நாங்க பாத்துக்கிடுதோம்.”

எங்க ஊர் என்னும்போது அவள் விரல் ஒரு வட்டம் போட்டது: தான், காளியம்மா, அடுப்பங்கரையில் நின்ற அம்மா, வாசல், தெரு. உங்க ஊர் என்னும்போது அந்த விரல் வட்டத்தை விட்டு வெளியே வந்து திரைக்கு நேராக நீண்டு என்னிடத்தில் நின்றது. அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இன்று காலை எட்டு மணிக்கு மிரேய் உரையின் பிரதியை வாங்கிக்கொள்ள என் மேசைக்கு வந்தார். ஊரின் பெயர் வர வேண்டிய இடத்தை மட்டும் காலியாக விட்டிருந்தேன். பெயரை அடித்தேன், பார்த்தேன், அழித்தேன். எங்கள் பக்கம் அப்போது பதினொன்றரை, தகரம் சூடேறுகிற நேரம். ‘இந்தியாவில் ஓர் ஊர்’ என்று அடித்து மிரேயிடம் கொடுத்தேன். இனி யாராவது என்னிடம் உனக்கு எந்த ஊர் என்று கேட்டாலும் அவ்வளவுதான் சொல்ல முடியும்.